மூன்றாம் ஓலைக்கு முந்தின மாலை

மக்கா,

இன்று சாயங்காலம் கரண்ட் போனது. மேசைக்கு அடியில் இருக்கும் யுபிஎஸ் கீச்சிடத் தொடங்கியது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சன்னலைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். கரண்ட் திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர்ப் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து தூசி சூடாகும் மணம் எழுந்தது. கருகல் இல்லை, புகையும் இல்லை. மழைக்காலத்தில் ரொம்ப நாள் சும்மா கிடந்த இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினால் வருமே, அந்த மாதிரி. அந்த மணம் வந்தால் நீ என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறாய். மற்றவர்களுக்குச் செத்துப்போன சிநேகிதனின் நினைவு பூவிலும் மழையிலும் வருகிறது. எனக்கு வாய்த்தது தூசி.

காலையில்தான் எச்சரிக்கை மடல் வந்திருந்தது. வெப் சர்வர் மென்பொருளில் ஓர் ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார்கள். திருத்தம் வந்துவிட்டது, ஆனால் அதற்கு முன்பே ஆட்கள் அதன் வழியாக நுழைந்துகொண்டிருக்கிறார்கள், உடனே மாற்றுங்கள் என்கிறது மடல். இத்தனை வருஷமாகியும் இந்த வாசகம் மாறவில்லை. நாம் உதியன்குளங்கரை சந்திப்பில் அந்த மாடி அறையில் இருந்து படித்ததும் ஏறக்குறைய இதையேதான். அன்று நமக்கு அது முதல் மடல். உனக்கு எல்லாம் அதோடு முடிந்தது மாதிரிதான். நீ அதற்குப் பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தாய் என்பது வேறு விஷயம்.

அந்த அறையை நினைத்துப் பார்க்கிறேன். கீழே பேக்கரி, மேலே நாம். கல்ஃபிலிருந்து திரும்பி வந்த முதலாளி, வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்பும் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுக்கும் கம்பெனியை அங்கே தொடங்கியிருந்தார். அதற்காகத் திருவனந்தபுரத்திலிருந்து தனியாக ஒரு லைன் இழுத்திருந்தார். தொண்ணூறுகளின் கடைசி. பாறசாலைப் பக்கத்தில் இராப்பகலாக இணையத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் வேறு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நீயும் நானும் அதற்குக் காவல். நீ பழைய மிஷன் சபைக் குடும்பம், நான் கடலோரக் கடப்புறத்து லத்தீன் கத்தோலிக்கன். காலேஜில் ஒரே பெஞ்சு என்பதால் ஒரே வேலைக்கு வந்து சேர்ந்தோம்.

இணையத்தில் ஒரு கல்யாணப் பக்கம் போடுவது உன் யோசனைதான். கல்ஃபில் இருக்கும் பையன்கள் ஒரு மாத லீவில் வந்து, பெண் பார்த்து, சபையில் கல்யாண ஓலை வாசித்து, கல்யாணம் முடித்து, விருந்தும் தின்று திரும்பிப் போக வேண்டும். அங்கே இருந்தபடியே படம் பார்த்து வைத்தால் பாதி வேலை முடிந்ததே என்றாய். அதே சர்வரில் ஒரு மூலையைக் கேட்டோம். முதலாளி சிரித்துக்கொண்டே கொடுத்தார். உன் சபைப் பெண்களின் படங்களை நீ வாங்கி வந்தாய், கடப்புறத்துப் பெண்களின் படங்களை நான். ஒருவருக்கொருவர் கட்டிக்கொள்ள மாட்டார்கள் என்பதால் தனித்தனியாக இரண்டு பக்கம் போட்டோம். "கடவுள் ஒண்ணுதான் மக்கா, பக்கம்தான் ரெண்டு" என்று நீ சொல்லிச் சிரித்தது காதிலேயே இருக்கிறது.

ஒரு சட்டம் வைத்திருந்தாய். பெண்ணுக்கு வரன் அமைந்தாலும் மூன்றாம் ஓலை வாசித்து முடியும்வரை படத்தை எடுக்கக்கூடாது. மூன்று ஞாயிற்றுக்கிழமை சபையில் இரண்டு பேருடைய பெயரையும் வாசித்து, தடை உண்டா என்று கேட்டு, யாரும் வாய் திறக்காவிட்டால்தான் கல்யாணம் உறுதி. அதற்கு முன்னால் படத்தை எடுத்து, இடையில் ஏதாவது ஆகித் திரும்பப் போட்டால், இந்தப் பெண்ணின் கல்யாணம் முடங்கியது என்று உலகத்துக்கே நாம் சொன்னது மாதிரி ஆகும் என்றாய். நல்ல மனதோடு போட்ட சட்டம் அது. உன் தங்கை பியூலாவுக்கும் அதையே வைத்தாய்.

பியூலாவுக்குப் பையன் கிடைத்ததும் அந்தப் பக்கத்தின் வழியாகத்தான். காட்டாக்கடைக்காரன், கல்ஃபில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. படத்தில் நீல சேலை, அம்மாவின் சங்கிலி, சிரிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யாத முகம். பாறசாலை ஸ்டூடியோவில் எடுத்தது. ஸ்கேனரில் அதை வைக்கும்போது கண்ணாடியைச் சட்டையின் நுனியால் துடைத்துத் துடைத்து வைத்தாய். "வேற பிள்ளையளுக்கு இந்தத் துடைப்பு இல்லியே" என்று நான் சீண்டினேன். "எனக்க தங்கச்சியாக்கும்லே" என்றாய்.

முதல் ஓலை முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை அந்த மடல் வந்தது. அளவுக்கு மீறி நீளமான ஒரு முகவரியை அனுப்பினால், நம் சர்வர் மென்பொருள் தடுமாறி, அனுப்பியவன் சொல்வதை எல்லாம் செய்யத் தொடங்கிவிடும். உலகம் முழுக்க ஆட்கள் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. நாமே அனுப்பிப் பார்த்தோம். நம் சர்வர் சொன்னபடி கேட்டது, நல்ல பிள்ளை மாதிரி.

லைனைக் கழற்றிவிடலாம் என்றாய். முதலாளியிடம் போனோம். அவர் ஓட்டை, மென்பொருள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"லைன ஊரினா பார்ட்டி வேற ஆளப் பாக்கும். பிறகு நீயும் நானும் இஞ்ச இருந்து ஈ ஓட்டலாம். ஓடிட்டு இருக்கப்பளே செரியாக்க முடியுமா, முடியாதா?"

"முடியும். ஆனா நேரம் ஆவும்."

"அப்பம் செய்யி."

அவரையும் குறை சொல்ல மாட்டேன். அங்கே வேலை பார்த்த பெண்பிள்ளைகளின் சம்பளம் அந்த வெளிநாட்டுப் பார்ட்டியிடமிருந்துதான் வந்தது.

புதிய மென்பொருளை இறக்கத் தொடங்கினோம். பாதியில் லைன் அறுந்தது, மறுபடி முதலிலிருந்து. சனிக்கிழமை மத்தியானம்தான் முழுதாக வந்து சேர்ந்தது. அதைத் தனி இடத்தில் கட்டி எழுப்பி, பழையதை நிறுத்தி, புதியதை ஓடவிட்டாய். அந்த நீளமான முகவரியை மறுபடி அனுப்பினோம். முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. நீ எழுந்து நின்று கைதட்டினாய். தட்டச்சுப் பெண்கள் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். கீழே போய்ப் பழம்பொரியும் சாயாவும் வாங்கித் தந்தாய். உன் அம்மா காலையில் பியூலாவின் படத்தைப் பக்கத்திலிருந்து எடுக்கச் சொன்னதையும் அப்போதுதான் சொன்னாய்.

"எடுக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"நாளைக்கு ஓலை கழியட்டு. திங்களாச்ச வந்து எடுக்கலாம். இப்பம்தான் வாசல அடச்சாச்சே."

அந்த வருஷங்களில் தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் கரண்டை நிறுத்துவார்கள் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் யுபிஎஸ் அதுவரை தாங்காது. அதனால் கரண்ட் போகும் நேரத்துக்குச் சற்று முன்னால் நாமே சர்வரை முறைப்படி அணைப்போம். வந்ததும் பொத்தானை அழுத்துவோம். மீதியை அதுவே செய்துகொள்ளும். என்னென்ன மென்பொருள் எழ வேண்டும் என்று நீ முன்பே எழுதி வைத்திருந்தாய். வெளிநாட்டுப் பார்ட்டிக்கு இந்த அரை மணி நேரத்தைப் பராமரிப்பு நேரம் என்று முதலாளி சொல்லி வைத்திருந்தார். அன்றைக்கும் அணைத்தோம். இருட்டில் இருந்து நாளைய சாப்பாட்டைப் பற்றிப் பேசினோம். ஓலை முடிந்ததும் நான் வீட்டுக்கு வர வேண்டும், ஆட்டிறைச்சி உண்டு என்றாய். கரண்ட் வந்தது. பொத்தானை அழுத்தினாய். தூசி மணம் வந்தது. முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தோம், அழகாக வந்தது. பூட்டிவிட்டு இறங்கினோம்.

மக்கா, அந்த முதல் பக்கத்தைப் பழைய மென்பொருள் காட்டினாலும் ஒன்றுதான், புதியது காட்டினாலும் ஒன்றுதான். நீ எழுதி வைத்திருந்த வரி பழையதைத்தான் எழுப்பும். பகல் முழுக்க அந்த ஓட்டையோடு மல்லுக்கட்டியதில் அந்த ஒரு வரி நம் இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை. கரண்ட் போகாத ஊரில் இதே வேலையைச் செய்திருந்தால் பல மாதத்துக்கு அந்த வரியை யாரும் தேடியிருக்க மாட்டார்கள், அதற்குத் தேவையும் வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரைத் தொடமாட்டாய். தொட்டால் பாவமா லே என்று நான் கேலி செய்வேன். "தொடுதது பாவம் இல்ல. தொடாம இருக்குதது சொகமாக்கும்" என்பாய். நான் காலைத் திருப்பலி முடித்துவிட்டு உங்கள் சபைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். போதகர் மூன்றாம் ஓலையை வாசித்தார். காட்டாக்கடைக்காரன் பெயர், பியூலா பெயர், இரண்டு பேருடைய அப்பன்மார் பெயர். தடை இருந்தால் சொல்லுங்கள் என்றார். ஒரு குழந்தை மட்டும் சிணுங்கியது. பெண்கள் பக்கத்தில் பியூலா தலை குனிந்து பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவள் அவளை முழங்கையால் இடித்தாள். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அப்படி ஒரு சந்தோஷத்தை உன் முகத்தில் பிறகு நான் பார்க்கவே இல்லை.

கல்ஃபில் ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். அங்கே லீவு வெள்ளிக்கிழமை. இது நமக்குத் தெரியாததா? நம்மூரில் தெரியாத ஆள் உண்டா? நீங்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த நேரத்தில் காட்டாக்கடைக்காரன் ஆபீசில் இருந்தான். இன்று எனக்கு மூன்றாம் ஓலை என்று கூட இருந்தவர்களிடம் சொல்லியிருக்கிறான். பெண்ணைக் காட்டு என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். பெருமையோடு பக்கத்தைத் திறந்து காட்டியிருக்கிறான்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அயனி மரத்தடியில் கார் நின்றது. பையனின் தாய்மாமன், வெள்ளைச் சட்டை, கையில் வேதப்புத்தகம். தங்கள் சபையிலிருந்து பாதியில் எழுந்து வந்திருந்தார். உன்னை மட்டும் ஓரமாக அழைத்தார். நானும் கூட வந்தேன்.

"ஓலைய நிறுத்தணும் மோனே" என்றார்.

"வாசிச்சாச்சு மாமா."

"தெரியும். இருந்தாலும் நிறுத்தணும். பய விளிச்சான், கரைஞ்சு அழுதுட்டு இருக்கான். ஆபீஸுல எல்லாரும் படத்தக் கண்டாச்சு."

என்ன படம் என்று அவர் தன் வாயால் சொல்லவில்லை. பக்கத்தின் மேலே இருந்த சில பெண்களின் முகத்தை வெட்டி அசிங்கமான உடம்புகளில் ஒட்டி வைத்திருந்தார்கள். புதிதாகச் சேர்த்த படம் என்பதால் பியூலாதான் முதலில். கீழே அவள் பெயர், அப்பன் பெயர், சபை, எல்லாம் நாம் போட்டபடியே இருந்தன. நாம் போய்த் திறந்து பார்த்த பிறகுதான் இது தெரிந்தது. அந்த மரத்தடியில், அவர் தடுமாறிச் சொன்ன அரைகுறையை வைத்தே உனக்குப் புரிந்துவிட்டது.

"மாமா, அது எங்கயோ வெளிநாட்டுல இருந்து எவனோ உள்ள கேறிச் செய்ததாக்கும். பொய்ப்படம். ஒட்டு போட்டது."

"நான் நம்புதேன்."

"அப்பம் பின்ன என்ன மாமா?"

"மொகம் அவளுக்கது தானே மோனே?"

அவர் வேதப்புத்தகத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"நான் நம்பி என்ன செய்ய? அவனுக்க ஆபீஸுல ஒவ்வொருத்தனையும் விளிச்சு ஒட்டு போட்டதுன்னு ஆரு சொல்லுவா? நாளைக்கு அவ அங்க போயி எறங்குனா, அவனுவ கண்ணு எப்படிப் பாக்கும்?"

அவர் கத்தியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை.

சபைக்குக் கட்டிய வெள்ளை வேட்டியோடு மாடி ஏறினாய். போன வேகத்திலேயே லைனைப் பிடுங்கிப் போட்டாய். பிறகு உட்கார்ந்து என்ன ஓடுகிறது என்று பார்த்தாய். பழையது ஓடிக்கொண்டிருந்தது. நீ எழுதி வைத்த வரியைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தாய். முதலாளி போனில் கூப்பிட்டு ஏதோ கத்தினார், நீ எடுத்துக் கேட்டுவிட்டு வைத்தாய்.

"நாம அடச்ச வாசல கரண்டு வந்து தொறந்து குடுத்திருக்கு மக்கா" என்றாய்.

அவ்வளவுதான். அழவில்லை. அழுதிருக்கலாம். கீழே பேக்கரியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், யாருடைய பிறந்தநாளுக்கோ கேக்கில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை படம் கொடுத்தவர்கள் வந்தார்கள். கடப்புறத்திலிருந்து ஜீப் பிடித்து வந்தவர்கள் என்னைப் பார்த்து நின்றார்கள், என்னை நம்பித்தானே கொடுத்தார்கள். "எனக்க மோளுக்க படத்தத் தா" என்று ஒவ்வொருவரும் கேட்டது ஸ்டூடியோவில் எடுத்த அந்தக் காகிதப் படத்தை. அது கையில் வந்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்தார்கள். நீ கவரில் போட்டுப் போட்டுக் கொடுத்தாய். வாங்கி மடியில் செருகிக்கொண்டு நிம்மதியாக இறங்கிப் போனார்கள். "இது இல்ல காரியம்னு அவங்களுக்கு நான் எப்படிச் சொல்லும்?" என்று என்னிடம் கேட்டாய். சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது.

இப்படி யாரோ நுழைந்து மாற்றிய பக்கங்களைப் பிரதி எடுத்துச் சேர்த்து வைக்கும் ஆட்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்று அந்த வாரம்தான் தெரிந்துகொண்டோம். வேட்டைக்குப் போனவன் கொம்பை மாட்டி வைப்பது மாதிரி. நம் பக்கமும் அங்கே இருந்தது. எடுத்துவிடுங்கள், இது ஒரு பெண்ணின் வாழ்க்கை என்று நமக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினோம். ஓர் இடத்தில் எடுத்தார்கள். அதற்குள் இன்னோர் இடத்தில் இருந்தது.

காட்டாக்கடைக்காரன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். பியூலாவுக்கு வந்த ஒவ்வொரு வரனும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: மூணு ஓலையும் வாசிச்ச பிறகு நின்ற கல்யாணமா? தடை சொல்ல யாருமே எழுந்திருக்கவில்லை என்றால் அதைவிடப் பெரிய தடை ஏதோ இருந்திருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. பிறகு வரன் வருவதும் நின்றது. அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்தினாள், சாயங்காலம் திரும்பி வந்தாள். உன்னிடம் ஒரு நாளும் கோபப்படவில்லை. உனக்குப் பிடித்த மீன் கறியை வைத்துத் தந்தாள். அவள் உன்னைத் திட்டியிருந்தால் நீ கொஞ்சம் பிழைத்திருப்பாய் என்று எனக்குத் தோன்றும். நீயும் கட்டிக்கொள்ளவில்லை. யாரும் உன்னிடம் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தபோது, பேசவே சிரமப்பட்டாய். நர்ஸ் போன பிறகு கேட்டாய்.

"அது இன்னும் கிடக்கா?"

உன்னிடம் பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். நமக்குள் அந்தப் பழக்கம் இல்லை.

"உண்டு மக்கா."

"அப்பம் எனக்குப் பின்ன நீ நோக்கணும்."

"நோக்குதேன்."

உன்னை அடக்கம் செய்த அன்று, கல்லறையிலிருந்து திரும்பும்போது பியூலா என் பக்கத்தில் நடந்து வந்தாள். நரைத்துவிட்டாள், மக்கா. கண்ணாடி போட்டிருக்கிறாள். முகம் உங்கள் அம்மாவின் முகமாக மாறிக்கொண்டு வருகிறது. அண்ணன் கடைசியில் என்ன கேட்டான் என்றாள். சொன்னேன்.

"இனித் தேட வேண்டாம் அண்ணா" என்றாள். "எனக்கு இப்பம் அந்த மொகம் இல்ல. வழியில வச்சு அந்த மாப்பிள்ளையே கண்டாலும் தெரியாது. அந்தப் பிள்ள வேற ஆரோ."

சமாதானமாகத்தான் சொன்னாள். அந்த வயதுக்கான அவள் படம் வேறு ஒன்றும் வீட்டில் இல்லை என்பது எனக்குத் தெரியும். உங்கள் அம்மா அந்த வாரமே ஸ்டூடியோ படங்களையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டாள். நீல சேலைக்கு மேல் இருந்த அந்த முகம் உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த ஒட்டுப்படத்தில் மட்டும்தான்.

அவள் சொல்லியும் நான் நிறுத்தவில்லை. உனக்குச் சொன்ன வாக்கு ஒரு காரணம். நிறுத்தினால் என்ன செய்வதென்று தெரியாதது இன்னொன்று. எழுதுகிறேன், ஓர் இடத்தில் எடுக்கிறார்கள், வேறோர் இடத்தில் முளைக்கிறது. இது தீரும் என்ற நம்பிக்கை எனக்கு எப்போதோ போய்விட்டது. காலையில் வந்த மடலுக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் மத்தியானத்துக்குள் செய்து முடித்தேன். என்னோடு வேலை செய்கிறவர்கள், திருத்தம் போட்டாச்சே, சோதித்தாச்சே, பிறகும் ஏன் எல்லாவற்றையும் ஒரு முறை அணைத்து எழுப்பிப் பார்க்கிறீர்கள் என்று கேட்பார்கள். பழக்கம் என்று சொல்லி விடுவேன்.

இன்றைக்கும் கரண்ட் வந்ததும், அந்தத் தூசி மணம் அடங்கும் முன்பே உட்கார்ந்து, எது எழுந்து வந்திருக்கிறது என்று பார்த்தேன். புதியதுதான் ஓடுகிறது. பிறகு அந்தப் படத்தையும் தேடினேன்.

உண்டு, மக்கா.